இரண்டாம் தவணை நிறைவு: தரம் 9 பெற்றோருக்கு அதிபரின் மடல்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு, தமிழ்த் தினப் போட்டிகள், சிரமதானம் ஆகியவற்றில் பிள்ளைகள் உற்சாகத்துடன் பங்குபற்றினார்கள். அவர்களுக்கும் வழிப்படுத்திய ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள்.

நான் விரிவாக எழுத விரும்புவது, தரம் 9 கணிதத்தில் வரும் நேர்கோட்டு வரைபுகளைப் பற்றியதாகும். அண்மைய வாரங்களில் வீட்டு வேலையாக வந்த வரைபுகள் பெரும்பாலும் பிழையின்றி இருந்தன. ஆயினும் அதே பிள்ளைகளிடம் வகுப்பில் வெறும் வரைபுத்தாளைக் கொடுத்தபோது, பலர் அச்சுகளுக்கு அளவிடை தெரிவுசெய்யவே தடுமாறினார்கள். சிலர் ஆள்கூறுகளை (ஒரு புள்ளியின் இடத்தைக் காட்டும் x, y எண்களை) இடம்மாற்றிக் குறித்தார்கள். விசாரித்தபோது, கைத்தொலைபேசிச் செயலி காட்டிய கோட்டைப் பார்த்து வரைந்ததாக அவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

படித்திறனும் (கோட்டின் சரிவு) வெட்டுத்துண்டும் (கோடு நிலையச்சை வெட்டும் இடம்) மனனம் செய்வதற்கான சொற்கள் அல்ல. முச்சக்கர வண்டியில் ஏறியதும் 100 ரூபாவும், பின்னர் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 80 ரூபாவும் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நகரும் முன்னரே உள்ள 100 வெட்டுத்துண்டு. கிலோமீற்றருக்குக் கூடுகின்ற 80 படித்திறன். ஐந்து கிலோமீற்றருக்கு 500 ரூபா என்பதைக் கோட்டிலிருந்தே வாசித்துவிடலாம். மாறாக, மொட்டைமாடித் தாங்கியிலுள்ள 1000 லீற்றர் நீர் நிமிடத்துக்கு 50 லீற்றர் வீதம் குறைந்தால், படித்திறன் மறை 50 (−50) ஆகிறது. கோடு கீழ்நோக்கிச் சரிந்து 20ஆவது நிமிடத்தில் கிடையச்சை வெட்டுகிறது. மூன்று புள்ளிகளைத் தானே கணித்துக் குறித்த பிள்ளைக்கு (கோடு வரைய இரண்டு போதும், மூன்றாவது பிழையைக் காட்டிக்கொடுக்கும்) இது கைவசமாகும். பார்த்து வரைந்த பிள்ளை, மேல்வகுப்பில் பரவளைவு என்னும் வளைகோடு வரும்போது திகைத்து நிற்கும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. அடுத்த தவணை தொடக்கம், செயலியிலிருந்தோ தனியார் வகுப்புக் குறிப்பிலிருந்தோ பிரதிசெய்த வரைபுகள் ஏற்கப்படமாட்டா. ஆள்கூற்று அட்டவணை இல்லாத வரைபு திருப்பிக் கொடுக்கப்பட்டு, பாடசாலை விட்டபின் ஆசிரியரின் முன்னிலையில் மீண்டும் வரையப்பட வேண்டும். இதில் எவருக்கும் விதிவிலக்கு இல்லை.

உங்களில் பலர் வேலை முடிந்து, கொழும்பின் காலி வீதி நெரிசலைக் கடந்து, இருட்டிய பின்னரே வீடு சேர்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். நீங்கள் கணிதம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வரைபுக் கொப்பி திறந்திருக்கும் அரைமணி நேரம் பிள்ளையிடமிருந்து தொலைபேசியை வாங்கி வைத்து, “இந்தக் கோடு ஏன் இந்த இடத்தில் அச்சை வெட்டுகிறது?” என்று ஒருமுறை கேட்டாலே பெரிய உதவியாகும். ஏற்கெனவே அவ்வாறு செய்துவரும் பெற்றோருக்கும், கேட்ட போதெல்லாம் வரைபுத்தாள்களை வாங்கிக் கொடுத்தனுப்பிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்
கொழும்பு