பக்கத்து மனைக் கொத்தனார் அண்ணனுக்கு நன்றி

போன வாரம் எங்கள் நாய் மணி இறந்துபோனான். வாடகை வீடு, சுற்றிலும் சிமென்ட் தரை. எங்கே புதைப்பதென்று தெரியாமல் அம்மாவும் நானும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து மனையில் வீடு கட்டும் கொத்தனார் அண்ணன் தானாகவே வந்தார். மனைக்காரரிடம் போனில் கேட்டுவிட்டு, வேலியோரம் இடுப்பளவு குழி வெட்டினார். பாலித்தீன் வேண்டாம், பழைய வேட்டி போதும் என்றார். தெருநாய்கள் தோண்டாமலிருக்க மண்ணை மூடி மேலே ஜல்லி கொட்டினார்.

அதற்கு முன்பே இன்னொன்றும் செய்தார். சட்டியில் மிஞ்சிய கலவையைப் பழைய தட்டில் பரப்பி, கரணையால் சமமாக்கி, மணியின் முன்னங்காலை ஈரத்துணியால் துடைத்து மெல்ல அழுத்தினார். நான்கு விரல்களும் நகக்கீறலும் அப்படியே பதிந்தன. ஓரத்தில் பெயர் எழுத ஆணியை அம்மாவிடம் கொடுத்தார்.

"நாய்க்குப் போய் இவ்வளவா?" என்று கேட்டவர்களுக்கு ஒன்று. அண்ணனுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கம். அங்கே எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில், அதாவது இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்லில், அந்த வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது.

காசு கொடுத்தோம், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார். ரொம்ப நன்றி அண்ணே. அப்புறம், கட்டட வேலை முடிவதற்குள் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வரணும், அம்மா சொல்லச் சொன்னார்.