ஹெட்லைட் பல்பு அடிக்கடி பியூஸ் ஆவது பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வத்தலக்குண்டில் நம்ம ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ராத்திரி கொடைக்கானலுக்குச் சவாரி ஏற்றும் டாக்ஸிக்காரர்கள், தாண்டிக்குடிக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள், விடியுமுன் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போகிறவர்கள் என்று உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது. உங்களிடம் நேரடியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "அந்தக் கடையில் போடுற பல்பு பூராவும் டூப்ளிகேட், ரெண்டு மாசம்கூட தாங்கல" என்று. கேட்டபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. சீல் உடைக்காத பெட்டியை உங்கள் கண் முன்னால்தான் பிரிக்கிறோம். காலிப் பெட்டியையும் பில்லையும் கேட்காதவர்களிடம்கூடக் கொடுத்து அனுப்புகிறோம். நாங்கள் போடுவது பெரும்பாலும் 60/55 வாட் எச்4 என்ற ஹாலஜன் பல்பு (பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட்). அதே பெட்டியில் வந்த பல்புகள் மற்ற வண்டிகளில் இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கின்றன. அப்படியிருக்க ஒரே வண்டியில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

பதிவு போட்டவரின் அந்த வண்டி வந்த அன்றே பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 15.4 வோல்ட் காட்டியது. சாதாரணமாக 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரில், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டால் இப்படித்தான் ஏறும். ஹாலஜன் பல்புக்கு 5 சதவீதம் வோல்டேஜ் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். 14.2-ல் ஓட வேண்டியது 15.4-ல் ஓடினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். "ரெகுலேட்டரை மாத்திடலாம்" என்று அப்போதே சொன்னோம். "இப்ப பல்பை மட்டும் போடுங்க, அவசரம்" என்றார். போட்டுக் கொடுத்தோம். அது சீக்கிரம் போனதற்குப் பல்பு என்ன செய்யும்?

உங்கள் வண்டியிலும் இதே சந்தேகம் இருந்தால் நீங்களே கவனிக்கலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது லைட் பளிச்சென்று கூடுகிறதா, பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைகிறதா, இரண்டு பக்கப் பல்பும் அடுத்தடுத்துப் போகிறதா? அப்படியென்றால் சார்ஜிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேட்டரி டெர்மினல் லூஸாக இருந்தாலும் வோல்டேஜ் திடீரென்று எகிறும்.

ஒரே பக்கம் மட்டும் போனால் கதை வேறு. ஹோல்டர் கருகியிருக்கும், இல்லையென்றால் பின்பக்க ரப்பர் கிழிந்து தண்ணீர் இறங்கியிருக்கும், ஹெட்லைட்டைப் பிடிக்கும் கிளிப் உடைந்து ஆடிக்கொண்டிருக்கும். தாண்டிக்குடி ரோட்டில் ஓடும் ஜீப்புகளில் இந்த ஆட்டத்தால்தான் இழை அறுகிறது. அப்புறம், பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடாகிக் கண்ணாடி உப்பும், வெடிக்கவும் செய்யும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று சிலர் 100/90 வாட் பல்பு கேட்கிறார்கள். ரிலே (பல்புக்கான கரண்டைச் சுவிட்ச் வழியாக விடாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கும் சிறு பெட்டி) இல்லாத பழைய ஒயரிங்கில் அதை நாங்கள் போடுவதில்லை. 5 ஆம்பியர் போகிற ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஹோல்டர் உருகும், சுவிட்சும் கெடும். வியாபாரம் போனாலும் சரி, இதில் நான் மாற மாட்டேன். எர்த் ஒயர் வண்டி பாடியில் சேரும் இடத்தைச் சுத்தம் செய்து ரிலே வைத்தாலே 60/55 நல்ல வெளிச்சம் தரும்.

இனி பல்பு மாற்ற வரும் எந்த வண்டியானாலும் சார்ஜிங் அளந்து, அந்த அளவைப் பில்லிலேயே எழுதிக் கொடுப்போம். விலைவாசியும் ஆள் கூலியும் ஏறிவிட்டதால் இதற்கு 150 ரூபாய் வாங்க வேண்டியிருக்கிறது. அளந்து பார்க்காமல் வாங்கிப் போகும் பல்பு போய்விட்டால் மாற்றுப் பல்பு தர மாட்டோம்.

அந்தப் பதிவைக் கேட்ட பிறகும், "அண்ணே, நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க" என்று போன் போட்டுச் சொன்னவர்கள் பலர். வேலை இல்லாவிட்டாலும் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு. உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் பதிவைப் போட்டவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவர் வண்டியைக் கொண்டு வந்தால் அவர் முன்னாலேயே மீட்டர் வைத்துக் காட்டுகிறேன்.

வரும்போது பியூஸ் ஆன பல்பைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். உள்ளே வெள்ளையாகப் புகை படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது, கண்ணாடி உப்பியிருந்தால் கை பட்டிருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மலையில் மூடுபனி இறங்கிவிடும். அதற்குள் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்