மழைக்குத் தாங்கும் என்று விற்ற போன், குடை இல்லை என்ற சர்வீஸ் சென்டர்: மூன்றாவது புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: நான்கு மாதமே ஆன போனுக்கு வாரண்டி மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். முதல் இரண்டு மெயிலுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. புகார் எண்கூட இல்லை. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, போனைச் சரிசெய்து தாருங்கள் என்றுதான் கேட்டேன். இந்தத் தடவை தயவுசெய்து ஆள் யாராவது படிக்கவும்.

மாடல் எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீச்சல் குளத்துக்குள் முங்கிக்கொண்டே ஒரு பெண் படம் எடுப்பாளே, அந்த விளம்பரத்துப் போன். பச்சை நிறம். மாசி மாதம் ஆஃபரில் உங்கள் சொந்த வெப்சைட்டிலேயே 27,999 ரூபாய்க்கு மகள் ஆர்டர் போட்டாள், பணம் என்னுடையது. ஐபி 68, அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்கிற தரக் குறி, கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால்தான் வாங்கினேன். எங்களுக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிறவன் வேறு எதைப் பார்த்துப் போன் வாங்குவான்?

நல்ல போன்தான், பொய் சொல்லக் கூடாது. விடியும் முன் ரப்பர் வெட்டப் போகும்போது அதன் டார்ச் வெளிச்சம் ஹெட்லைட்டையே தோற்கடித்தது. பேரனை எடுத்த படங்களை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

ஆனி மாதம் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு, வெட்டிய இடத்தில் மழை படாமல் ரப்பர் மரத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. போன் சட்டைப் பையில். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற புகைப்புரைக்கு ஓடிச் சேர பத்து நிமிடம். அவ்வளவுதான் நனைந்தது. குளம் இல்லை, ஆறு இல்லை, திற்பரப்பு அருவியில் கொண்டுபோய்க் காட்டவும் இல்லை. சார்ஜ் போடுகிற இடத்தில் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. மனைவி அரிசியில் போடச் சொன்னாள், போடக்கூடாது என்று மகள் சொன்னதால் போடவில்லை. ஒரு நாள் முழுக்கக் காற்றில் வைத்தேன். மறுநாள் திரையில் கோடு, அப்புறம் தானாக அணைந்து அணைந்து எரிந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை.

நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் முதல் தடவை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் என்றார்கள். எட்டாம் நாள் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவப்பாகிவிட்டதாம், தண்ணீர் போயிருக்கிறதாம், வாரண்டி கிடையாதாம், மதர்போர்டு மாற்ற 14,600 ரூபாயாம். மாற்றினால் உள்ளே இருக்கும் படங்கள் எதுவும் மிஞ்சாதாம்.

தண்ணீர் போயிருக்கிறது என்பதுதானே ஐயா என் புகாரே! போகாது என்று சொன்னது நீங்கள்.

இதைத்தான் கவுன்டரில் இருந்த பையனிடம் நேரில் போய்க் கேட்டேன். அவன் தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "சார், மழைன்னா வீட்ல வச்சிட்டுப் போணும். இது போனாக்கும், குடை இல்ல." பின்னால் டோக்கனோடு நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இப்போது வீட்டில் மழை தூறினால் மனைவியே "குடை எடுத்தீங்களா, போன் எடுத்தீங்களா" என்று கேட்கிறாள்.

இன்னொன்று மறந்துவிட்டேன். சிம் டிரேயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதே, அது என் போனில் ஒரு பக்கம் எழும்பி நின்றது. அந்தப் பையன் சிம்மை எடுக்கும்போது நானே பார்த்துச் சொன்னேன். அவன் "அது ரப்பர் இல்ல, சிலிக்கோன்" என்று திருத்தினான். நாற்பது வருடமாக ரப்பரோடு கிடக்கிறவனுக்குப் பாடம். சிலிக்கோனோ ரப்பரோ, வாய் மூடாத வாஷர் என்ன வாஷர்? நாங்கள் மரத்துக்குக் கட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் பாவாடை ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்குகிறது. போனை வாங்கிக்கொண்டு அவர்கள் எழுதித் தந்த ஜாப் ஷீட்டில் இந்த வளையத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திருநெல்வேலிக் கதைக்கு வருகிறேன். உங்கள் டோல் ஃப்ரீ அம்மா, "திருநெல்வேலி சென்டரில் இரண்டாவது தடவை பரிசோதிக்கலாம் சார்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நாகர்கோவிலில் கையெழுத்துப் போட்டுப் போனைத் திரும்ப வாங்கி, சனிக்கிழமை ரப்பர் வெட்டு வேலையை விட்டுவிட்டு, தக்கலை, வடசேரி, ஆரல்வாய்மொழி என்று பஸ் மாறிப் போனேன். அங்கே டோக்கன் 43. சாப்பாட்டு நேரம் என்று ஒரு மணி நேரம் கதவை மூடினார்கள். என் முறை வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இது நாகர்கோவிலில் பதிவானது, நாங்கள் தொட முடியாது" என்றார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வீடு வந்து சேர இரவு ஒன்பது. வழியில் மனைவியின் போனுக்கு உங்கள் மெசேஜ்: "சேவை நிறைவடைந்தது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அந்த வாரம்தான் ரப்பர் ஷீட் வியாபாரி என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிடைக்காமல் வேறு இடத்தில் எடுத்துவிட்டார். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கிடைத்திருக்கும், இருநூறு கிலோ ஷீட். அதோடு பஸ் செலவு, போன வேலை நாட்கள், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. பேரன் முதல் தடவை நடந்த வீடியோவுக்கு நான் விலை போடவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முதல் மெயில் போட்டு இன்று 24 நாள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலில்தான் இருக்கிறது, இந்த அலைச்சலில் அந்தப் பக்கத்துப் பஸ் நேரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆஸ்திரேலியாவில் இதே மாதிரித் தண்ணீர் விளம்பரத்துக்காக 2022-ல் ஒரு பெரிய போன் கம்பெனிக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டார்கள் என்று மகள் எடுத்துக் காட்டினாள். அதையும் மனுவோடு வைப்பேன்.

ஆனால் அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை. போனை இலவசமாகச் சரிசெய்து தாருங்கள், முடியாவிட்டால் மாற்றித் தாருங்கள். படங்களை எடுக்க முடியுமா என்று விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். பஸ் செலவைத் தாருங்கள். அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, அவனுக்கும் சம்பளம் வேண்டும். பேசும்போது முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். இன்னும் ஆறு நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்த நாள் நாகர்கோவில் ஆணையம்.

கூப்பிடுவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல், மனைவியின் எண்ணுக்கு. பழைய பட்டன் போன்தான், மழை பெய்தாலும் எடுப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: பில், ஜாப் ஷீட் நகல், சிவப்பு ஸ்டிக்கர் படம், பஸ் டிக்கெட்டுகள் (திருநெல்வேலி டிக்கெட் ஒன்று மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது).