வெயிலில் மாட்டிய ஹீட்டர்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. நியூசிலாந்துக் கிறைஸ்ட்சர்ச்சில் காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறாயாமே. இங்கே மத்தியானம் பட்டறைத் தகரத்தில் முட்டை பொரிக்கலாம். உன் ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்கு, இன்ஜினை அணைத்த பிறகும் டீசலை எரித்து உள்ளே சூடாக்கும் டீசல் ஹீட்டர் போடலாமா என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, போன மாதம்தான் நானே ஒன்று மாட்டினேன், இந்த வெயிலில்!

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தாய்லாந்து, லாவோஸ், சீனா வழியாகக் கசகஸ்தான் வரை ஓட்டிப் போகப்போகிறார். அவருடையதும் ஹைலக்ஸ்தான், பின்னால் படுக்கை அடித்திருக்கிறார். ஹீட்டர் பெட்டியை மேசையில் வைத்ததும் பட்டறைப் பையன்கள், "அண்ணே, இவருக்கு ஏர்கோன் கெட்டுப்போச்சா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹீட்டரை மாட்டுவது அரை நாள் வேலை. அதற்கு டீசல் எண்ணெய் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நான் சறுக்கினேன். 2 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர்கூடக் குடிக்காது. சின்னப் பம்ப் ஒன்று 'டிக், டிக்' என்று தட்டி, தட்டுக்கு ஒரு சொட்டாக அனுப்பும். அவ்வளவு கொஞ்சம்தானே, டேங்கை எதற்கு இறக்க வேண்டும் என்று சோம்பல்பட்டு, இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயில் டி (T) வடிவ இணைப்பு ஒன்று போட்டு எடுத்துவிட்டேன். இன்ஜின் ஓடும்வரை ஹீட்டர் அருமையாக எரிந்தது. அணைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, வெள்ளைப் புகை, அப்புறம் செத்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி அதே கதை.

பிறகு டேங்கை இறக்கிப் பார்த்தால், திரும்பும் குழாயின் வாய் மேலேயே நிற்கிறது, எண்ணெயைத் தொடவே இல்லை. இன்ஜின் நின்றதும் சின்னப் பம்ப் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. சொட்டுக் கணக்கில் எரியும் அடுப்புக்கு ஒரு குமிழ் போதும், அணைந்துவிடும்.

நீ இப்படித் திரும்பும் குழாயிலிருந்து எடுக்காதே. இன்ஜினுக்குப் போகும் குழாயிலும் கை வைக்காதே. அது உறிஞ்சும் பக்கம், இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் காற்று நேரே இன்ஜினுக்குப் போகும். காமன் ரெயில் பம்புக்கு, அதாவது இன்ஜினுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்புக்கு, அந்த டீசல்தான் மசகு, அது கெட்டால் வீட்டை அடகு வைக்க வேண்டும். டேங்கில் எண்ணெய் அளவு காட்டும் மிதவை மாட்டியிருக்கும் மூடியைக் கழற்றி வெளியே வைத்துத் துளை போட்டு, ஹீட்டருக்கென்று தனிக் குழாய் இறக்கு. கீழ் முனையைச் சாய்வாக வெட்டி, டேங்கின் அடியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே நிறுத்து. அடியில் கிடக்கும் அழுக்கும் தண்ணீரும் வராது. ராத்திரி முழுக்க எரிந்தாலும் காலையில் வண்டி கிளம்ப எண்ணெய் மிஞ்சும்.

குழாய் உள்விட்டம் 2 மில்லிமீட்டர் போதும். பெரிய ரப்பர் ஹோஸ் போட்டால் காற்று அதில் தங்கிக்கொள்ளும். இணைக்கும் இடத்தில், ரப்பருக்குள்ளே இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் குமிழ் அங்கேதான் குடியிருக்கும். பம்பை டேங்குக்குப் பக்கத்தில், எண்ணெய் வெளியேறும் முனை மேலே பார்க்கச் சாய்த்து மாட்டு. ரப்பர் வைத்து மாட்டு, இல்லாவிட்டால் அந்த டிக் டிக் உன்னைத் தூங்க விடாது.

எல்லாம் முடித்து, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினோம். பிரிஞ்சாங்கில் ராத்திரி நல்ல குளிர். ஹீட்டர் விடியும்வரை எரிந்தது. வாத்தியார் போர்வையை உதறிவிட்டு, வேர்க்கிறது என்று கதவைத் திறந்தார்!

அங்கே ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நம் டீசலில் பத்து சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த டீசல்தானே, கேமரன், கெந்திங், குண்டாசாங் மாதிரி மலைப் பக்கங்களுக்கு மட்டும் ஏழு சதவீதக் கலவையை விட்டுவைத்திருக்கிறார்கள். சுத்தமான செம்பனை டீசல் 15 டிகிரிக்குப் பக்கத்திலேயே கலங்க ஆரம்பித்துவிடும், நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் மழைக்காலக் காலையில் உறைவது போல. கலவையில் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் 2 மில்லிமீட்டர் குழாயில் மெழுகு கட்டினால் என்ன ஆகும், நீயே யோசி. வடக்கே போகப்போக நம்மூர் எண்ணெயைக் காலி செய்துவிட்டு அந்தந்த ஊர்க் குளிர்கால டீசலை ஊற்றச் சொல்லியிருக்கிறேன். நம் அப்பாமார் ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, அது ஒருநாள் என் பட்டறைக்கு வந்து வம்பு பண்ணும் என்று யார் நினைத்தார்கள்.

பழைய தோட்டக் குடியிருப்பு லயத்தில் கடைசி வரிசையையும் போன வாரம் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. அம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தீபாவளிக்கு வந்தால் அந்த மெல்லிய கறுப்பு நைலான் குழாய் நாலு மீட்டர் கொண்டு வா. இங்கே தேடினால் மீன் தொட்டிக் குழாயை எடுத்து நீட்டுகிறார்கள்.

உன் பட்டறைக் கூட்டாளி