திருநெல்வேலி பின்கோடு பகா எண்ணா?

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், "எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 2, 3, 5, 7, 11 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடாவிட்டால் அது பகா எண்" (அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். தப்பு. 169-க்குக் குறைந்த எண்களுக்கு மட்டும்தான் அது செல்லும். 169 என்பது 13 × 13. அங்கேயே விதி முறிந்துவிடுகிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொன்னால், "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்கிறாள். அச்சில் வந்ததோடு நான் மல்லுக்கட்ட முடியுமா?

நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில்வே தபால் பிரிவில்) தபால் பிரித்தவன். அதனால் பின்கோடையே எடுத்துக்கொள்கிறேன். ஜங்ஷனுக்கு 627001. உங்கள் ஐந்து எண்களாலும் அது வகுபடாது. 13, 17, 19 என்று ஏறிக்கொண்டே போனாலும் மசியாது. 71-க்கு வந்ததும் உடைந்துவிடும்: 71 × 8831. அதற்கு மேல் உடையாது, இரண்டுமே பகா எண்கள்.

சரி, எதுவரை வகுத்துப் பார்ப்பது? வர்க்கமூலம் வரை. இரண்டு காரணிகளும் 792 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கினால் குறைந்தது 6,27,264 வந்துவிடும், நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 791-க்குள் இருக்கும் பகா எண்களைப் பார்த்தால் போதும். அதை ஐந்தாகச் சுருக்க வழியில்லை. காரணிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சவாலாக வெளியிட்ட, 250 இலக்கமுள்ள ஆர்எஸ்ஏ-250 என்ற எண்ணைக் கணினிகளை வைத்து 2020-இல்தான் உடைத்தார்கள். ஐந்து வகுத்தலில் தீருகிற காரியமா இது?

பிள்ளைகளுக்குச் சுவையாக ஏதாவது போட வேண்டுமென்றால் நம் பின்கோடிலேயே இருக்கிறது. 627 என்பது 3 × 11 × 19. ஆகையால் 627000 இந்த மூன்று எண்களாலும் வகுபடும்; 627-இல் தொடங்கும் ஒரு பின்கோடு இவற்றில் எதனால் வகுபடும் என்பதற்குக் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே போதும். மகாராஜநகர் 627011: கடைசியில் 11, அதனால் 11-ஆல் வகுபடும். முழுதாக உடைத்தால் 7 × 11 × 17 × 479. புளியங்குடி 627855: 855 என்பது 19 × 45, அதனால் 19-ஆல் போகும், 3-ஆலும் போகும். எங்கள் பாளையங்கோட்டை 627002-ஐ உடைத்தால் 2 × 37 × 37 × 229. 37 இரண்டு தடவை வருவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு! பக்கத்து வண்ணார்பேட்டை 627003 இன்னும் பொடிப்பொடியாகும்: 3 × 3 × 13 × 23 × 233. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தபோது இதையெல்லாம் பார்த்தா எண் கொடுத்தார்கள்? தானாக அமைந்ததுதான்.

திருத்தத்தை அதே சிறுவர் பக்கத்தில், அதே மாதிரி கட்டம் கட்டிப் போடுங்கள். ஆறாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போட்டால் என் பேத்தி நம்ப மாட்டாள்.

ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
பாளையங்கோட்டை.