கல்லறை எழுத்து அழியுமுன்

ஐயா,

1841-இல் எங்கள் மாவட்டத்து இடையன்குடிக்கு வந்த, கிறித்தவ மறைப்பணியாளரும் தமிழறிஞருமான கால்டுவெல் பல்லாண்டு பாடுபட்டுக் கட்டிய தூய திரித்துவ ஆலயம் 1880-இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1891-இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கமானார். அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியது மகிழ்ச்சி.

சரி, பெயர் தெரியாத கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களை யார் பார்ப்பது? எங்கள் ஊரில் பழைய கல்லறைகளுக்கு வருடாவருடம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தே மூடிப்போனது. கல்லறைத் திருநாளன்று விரலால் தடவித்தான் ஒரு பெயரைப் படித்தேன்; ஆண்டு பிடிபடவில்லை.

அடுத்த பூச்சுக்கு முன்பாவது இளைஞர்கள் அவற்றைப் படமெடுத்து, ஆலயத்து அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். அப்புறம், கல்லைப் பிளக்கும் உடைமரங்களையும் வெட்டுங்கள்.

ஒரு வாசகர்,
திருநெல்வேலி மாவட்டம்