பொதுக் கிணறு

இராமேஸ்வரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமு,

நலம், நலமறிய ஆவல். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலாமா? இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, அதை விடு. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ நாலு தடவை "ம்" போட்டுவிட்டுப் பேரனிடம் போனைக் கொடுத்துவிடுவாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும். உட்கார்ந்து படி.

உங்கள் பழைய வீட்டை இடிக்கிறார்கள்.

உன் சித்தப்பா மகன் விற்றது உனக்குத் தெரியும். வாங்கியவர் வெளியூர்க்காரர். நாலு மாடி லாட்ஜ் வரப்போகிறதாம், எல்லா அறையிலும் ஏசி, சுடுதண்ணீர். போன வாரம் ஜேசிபி வந்து ஒரே காலையில் முன்திண்ணையை வழித்துப் போட்டுவிட்டது. நாம் ஆணியால் கீறின தாயக்கட்டம் இருந்த கல், குப்பையோடு குப்பையாக லாரியில் ஏறியதைப் பார்த்தேன். பழைய சாமான்காரன் ஒருத்தன் தேக்கு நிலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். அதே நிலையில்தான் நீ தலையை இடித்துக்கொண்டு, மூக்கன் வாத்தியார் அடித்தார் என்று வீட்டில் புளுகினாய். வாத்தியார் பாவம், கடைசிவரை அவருக்கு அது தெரியாது.

சரி, வீடு போகட்டும். விற்றவனுக்குப் பணம், வாங்கினவருக்கு மனை. என் கவலை கிணறு.

நடுச்சுவர் கிணற்றின் மேலேயே ஓடுகிறதல்லவா, பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு. உங்கள் அம்மா அந்தப் பக்கம் வாளியை இறக்கினால் எங்கள் அம்மா இந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவாள். இரண்டு பேரும் முகம் பார்க்காமலே ஊர்க்கதை முழுவதையும் அந்த உறைக்கிணற்றுக்குள் பேசித் தீர்த்தார்கள். இப்போது வாங்கியவர் தன் பாதியை மூடப்போகிறாராம். பாதிக் கிணற்றை எப்படித் தம்பி மூடுவது என்று சைட்டில் நிற்கிற என்ஜினியர் பையனிடம் கேட்டேன். "முழுசாவே மூடிரலாம் சார், உங்களுக்குத்தான் குழாய் இருக்கே" என்கிறான். மூடிவிட்டு, பத்தடி தள்ளி ஆழமாக இரண்டு போர்வெல் போடுவார்களாம்.

நீ சிறுவாணித் தண்ணீர் குடித்து வாழ்கிறவன், உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகத் தெரியாது. கோயம்புத்தூர்க்காரன் என்று நீ அலட்டிக்கொள்வதே அந்தத் தண்ணீரை வைத்துத்தானே. ஆனால் நம் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது, சொல். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு அடியில் தண்ணீர், அப்படியே அள்ளிக் குடித்தோம். இன்றைக்கு அதே தண்ணீரில் துவரம்பருப்பு வேக மாட்டேன் என்கிறது. சோப்பு நுரைப்பதில்லை. உன் மதினி வாளியின் உள்பக்கத்தைச் சுரண்டிக் காட்டினாள், வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. குடிக்கக் கேன் தண்ணீர், சமையலுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குக் கிணறு என்று ஆகிவிட்டது. குழாயில் வருவது காவிரி. திருச்சிப் பக்கம் எடுத்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயிலேயே வருகிறது. வரும் நாளில் வரும்.

நம் ஜோசப்பைக் கேட்டேன். அவன் கல்லூரியில் புவியியல் நடத்தினதெல்லாம் இப்போதுதான் எனக்குப் பயன்படுகிறது. (அவன் இன்னும் அப்படியேதான், ஒரு கேள்விக்கு ஒரு பீரியடு.) அவன் சொன்னதை உனக்குச் சுருக்கிச் சொல்கிறேன். நம் தீவு மொத்தமும் மணலும் பவளப்பாறையும். ஆறு கிடையாது, மலை கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழைதான் நம் முதல். மணல் அதை அப்படியே குடித்துவிடுகிறது. உள்ளே போன மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு, அதனால் மோரின் மேல் வெண்ணெய் மிதக்கிற மாதிரி அதன் மேல் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்குமாம். கேட்க நன்றாக இருக்கிறதா? இப்போது திருப்பிப் போடு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். வாளியால் மொண்டால் மேலே இருப்பதுதான் வரும், விட்ட இடம் ராத்திரியில் ஊறிவிடும். ஒரே இடத்தில் குழாயை இறக்கி மோட்டார் போட்டு நாள் முழுக்க உறிஞ்சினால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புத்தண்ணீர் கூம்பாக எழும்பி வந்துவிடும். வந்தது லேசில் இறங்காது. பல மழை பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு வந்து அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. சின்ன வயதில் நாம் அதிசயம் என்று நினைத்ததெல்லாம் இதே கணக்குதான். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுமே, அது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு முழக் குழி, அதில் கொட்டாங்குச்சியால் கோரிக் குடத்தை நிரப்பிக்கொண்டு பெண்கள் போவார்கள். 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் போய், ரயில் போய், மனிதர் வாழ லாயக்கில்லை என்று சர்க்கார் சொன்ன பிறகும், மீன்பிடிக்கிற குடும்பங்கள் அங்கே நின்றது அந்த ஊற்றை நம்பித்தான். அப்புறம் வில்லூண்டி தீர்த்தம். சுற்றிலும் கடல், நடுவில் கிணறு, உள்ளே குடிக்கிற தண்ணீர். ராமர் வில்லை ஊன்றிச் சீதைக்குத் தாகம் தீர்த்தார் என்று உன் ஆச்சி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஜோசப்பும் மறுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன் அவன். மணலுக்குள் அமுங்கி வருகிற மழைத்தண்ணீர் அங்கே வெளியே எட்டிப்பார்க்கிறது என்கிறான், அவ்வளவுதான். தங்கச்சிமடத்து மல்லிகைப் பதியன் ஊர் ஊராகப் போகிறதே, அதற்கும் முதல் இந்த மணலும் இந்தத் தண்ணீரும்தான்.

ஊர் எப்படி இப்படி ஆனது என்று நீ போன தடவை வந்தபோது ஆட்டோவில் புலம்பிக்கொண்டே வந்தாய். எனக்கென்னவோ எல்லாமே பாலத்தில் ஆரம்பித்தது என்றுதான் தோன்றுகிறது. 1914-இல் ரயில் பாலம் வந்ததே, அது ஆட்களைக் கொண்டுவந்தது என்றாலும் பெரும்பாலும் கடத்திவிட்டது. போட் மெயிலில் வந்தவன் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போய்விடுவான். புயலுக்குப் பிறகு கப்பல் நம் ஊரிலிருந்தே போனது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் நின்று சிலோன் சோப்பு வாசனை பிடித்தோமே. அந்தப் பக்கம் கலவரம் முற்றியபோது அதுவும் நின்றுபோனது. போன கப்பலுக்குப் பதில் வள்ளங்களில் அகதிகள் வந்து இறங்கினார்கள். உங்கள் திண்ணையில் ஒரு குடும்பம் இருந்ததே, அந்தச் சின்னப் பெண்ணுக்கு உன் அம்மா தன் சேலையைக் கிழித்துப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். அவர்களும் இந்தக் கிணற்றில்தான் குளித்தார்கள்.

சாலைப் பாலம் வருகிற வரைக்கும் இங்கே வருகிற செங்கல், சிமெண்டு எல்லாம் ரயிலிலோ படகிலோதான் வரவேண்டும். அதனால் கட்டுகிறவனும் அளவாகக் கட்டினான். யாத்திரை வருகிறவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பண்டாக்கள் வீட்டிலும் சத்திரத்திலும் தங்கினார்கள். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து சாலைப் பாலத்தைத் திறந்தார். நாமும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாலத்தில் நடந்தோம், நீ கைப்பிடிச் சுவரில் ஏறப்போய் போலீஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அப்புறம் லாரி வந்தது, பஸ் வந்தது, மாடி வந்தது. 2015-இல் கலாமைப் பேய்க்கரும்பில் அடக்கம் செய்தார்கள், இரண்டு வருடத்தில் மணிமண்டபம். அதே 2017-இல் அரிச்சல்முனைக்கு ரோடும் திறந்தது. மணலில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போன இடத்துக்கு இன்றைக்குக் குடும்பம் குடும்பமாகக் காரில் போய்ச் செல்பி எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சனி ஞாயிறில் சன்னிதித் தெருவில் நீ நடக்க முடியாது.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டியை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரல் 6 வரைக்கும் நாங்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். புதுப் பாலத்தில் நடுத்துண்டு மட்டும் 72.5 மீட்டர், நின்ற வாக்கிலேயே லிப்ட் போல மேலே போகிறது, எல்லாம் மோட்டார். பழையதில் ஆட்கள் நின்று கம்பியைச் சுற்றிச் சுற்றித் திறப்பார்களே, நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போமே, அது இனி இல்லை. எனக்குப் புதுப் பாலத்தின் மேல் கோபம் கிடையாது. மகன் தாம்பரத்தில் ஏறி இங்கே வீட்டுப் பக்கத்தில் வந்து இறங்குகிறான், நன்றாகத்தான் இருக்கிறது. லாட்ஜ் மேலும் எனக்குப் பகை இல்லை, நம் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு அதில்தான். கடலை நம்பியிருப்பவர்கள் நிலைமைதான் உனக்குத் தெரியுமே. சந்தியாகு மகன் பிடிபட்டுப் போய் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டான். படகு திரும்பவில்லை. இப்போது அவன் ஒரு லாட்ஜில் ராத்திரிக் காவல். சந்தியாகு என்னிடம் அதைச் சொல்லும்போது மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஆனால் தண்ணீரை யாரும் கணக்குப் பார்க்கிறதில்லையே ராமு. வருகிற ஆள் கடலில் ஒரு முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், அறைக்கு வந்து உப்புப் போக இன்னொரு குளியல். துணி அலசல் வேறு. மழைத்தண்ணீராவது உள்ளே இறங்கட்டும் என்றால், முற்றம் முழுக்கச் சிமெண்டு, தெருவெல்லாம் பேவர் பிளாக். பெய்தது தெருவோடு ஓடிக் கடலில் விழுகிறது. ஊரைச் சுற்றி மண்மூடிக் கிடந்த தீர்த்தக் குளங்களை விவேகானந்த கேந்திரத்தார் தூர்வாரினார்கள், அதுவரை நல்ல காரியம். சொந்த வீட்டு முற்றத்தை யார் தூர்வாருவது? நான் எங்கள் கொல்லையில் போட்டிருந்த தளத்தை உடைத்துவிட்டேன். உன் மதினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, காலில் மண் ஒட்டுகிறதாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்தில், கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது, ஒருத்தர் சம்மதமில்லாமல் இன்னொருத்தர் மூடவோ மாற்றவோ கூடாது என்று எழுதியிருக்கிறது என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். எங்கள் பத்திரத்தில் 'பொதுக் கிணறு உள்பட' என்று ஒரு வரிதான் இருக்கிறது. வக்கீல் அது போதாது, அந்தப் பக்கத்துப் பழைய பத்திரமும் வேண்டும் என்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், அவ்வளவு பழசு கம்ப்யூட்டரில் வரவில்லை. மூலப்பத்திரத்தின் நகல் மதுரையில் உன் அக்காவின் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். உன் அப்பா இறந்தபோது காகிதம் எல்லாவற்றையும் அக்காதான் மூட்டை கட்டி எடுத்துப்போனது. நீயே நேரில் போய்த் தேடு. அக்காவிடம் போனில் சொன்னால், "அந்தப் பயல் இன்னும் கிணற்றடியிலேயே நிற்கிறானா" என்று சிரித்துவிட்டு மறந்துவிடும்.

கிணறு நின்றாலும் அந்த இரண்டு போர் வந்தால் என்ன பிரயோசனம் என்று நீ கேட்பாய், உன் புத்தி அப்படித்தான் போகும். ஜோசப்பும் அதையேதான் கேட்டான். பத்திரம் கையில் இருந்தால் உட்கார்ந்து பேச ஒரு பிடி இருக்கும். ஆழத்தைக் குறைக்கச் சொல்லலாம், மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பச் சொல்லலாம். அந்த ஆள் மோசமானவர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசுகிறார்.

அடித்தளம் தோண்ட அடுத்த மாதம் ஆள் வருகிறதாம், அதற்குள் பார். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. வெளிச்சத்தில் வைத்து எடு, போன தடவை உன் பேரன் காதுகுத்துப் படத்தில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது. அப்புறம் நகலைக் கூரியரில் அனுப்பு. நீ கேட்ட நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன், வெயிலில் நன்றாகக் காய்ந்தது, மணல் இல்லை. பத்திரம் இங்கே வந்த பிறகு அது அங்கே வரும்.

உன்,
சேது